மலை குடித்தது எவ்வளவு, வண்டி குடித்தது எவ்வளவு? மூணாறு ரோட்டில் ஒரு பெட்ரோல் கணக்கு, தெரியுமா?

போடிநாயக்கனூரில் டேங்கை நிரப்பிக்கொண்டு போடிமெட்டுக்கு ஏறுகிறீர்கள். 17 கொண்டை ஊசி வளைவுகள், சுமார் 1,000 மீட்டர் ஏற்றம். மெட்டைத் தொடும்போது டாஷ்போர்டு லிட்டருக்கு 9 என்று காட்டுகிறது. ஊரில் 18 கொடுத்த வண்டி! பின்சீட்டு மச்சான் உடனே ஆரம்பிக்கிறார்: "பிளக் போயிருக்கும் மாப்ள, இல்லேன்னா இன்ஜெக்டர் அடைச்சிருக்கும். மூணாறு போனதும் ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டிரலாம்."

பிளக்கும் போகவில்லை, இன்ஜெக்டரும் அடைக்கவில்லை!

ஆட்களையும் சேர்த்து 1,200 கிலோ இருக்கும் ஒரு காரை 1,000 மீட்டர் உயரத்துக்குத் தூக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும், தெரியுமா? கிட்டத்தட்ட 12 மெகாஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் 32 மெகாஜூல் இருக்கிறதே, அரை லிட்டர்கூடச் செலவாகாதே என்று தோன்றும். அங்கேதான் சங்கதி! எஞ்சின் அதில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் சக்கரத்துக்குத் தருகிறது. மீதியெல்லாம் ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெறும் சூடாகப் போய்விடுகிறது. ஆக, லிட்டருக்குக் கையில் கிடைப்பது 8 மெகாஜூல். பன்னிரண்டை எட்டால் வகுத்தால் ஒன்றரை லிட்டர். ரோட்டில் உருள்வதற்கான பெட்ரோல் தனி. இது வெறும் தூக்குகூலி!

அந்த ஒன்றரை லிட்டர் வீணாகவும் போகவில்லை. நகையை அடகு பிடிக்கிற மாதிரி மலை அதை வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறது. எப்போது மீட்கலாம்? இறங்கும்போது. வண்டி கியரில் இருக்க, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முழுவதுமாக எடுத்துவிட்டால் என்ன நடக்கும் தெரியுமா? இன்ஜெக்டர்கள் வாயை மூடிக்கொள்ளும். ஒரு சொட்டு பெட்ரோல் உள்ளே போகாது! எஞ்சின் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் அதைச் சுற்றுவது சக்கரம். டாஷ்போர்டில் அந்த நேரத்து மைலேஜைப் பாருங்கள்: 99.9 என்றோ வெறும் கோடாகவோ நிற்கும். அதற்கு மேல் காட்ட அதற்குத் தெரியாது.

இங்கேதான் நம் ஊர் டிரைவர்களில் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு உருட்டினால் பெட்ரோல் மிச்சம் என்பது கார்புரேட்டர் காலத்து நம்பிக்கை. அம்பாசடரிலும் பழைய ஜீப்பிலும் கியரில் இறங்கினாலும் கார்புரேட்டர் தன் பாட்டுக்குப் பெட்ரோலை விட்டுக்கொண்டே இருந்தது. 2000-ஆம் ஆண்டை ஒட்டி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் வந்து, கார்களில் இன்ஜெக்‌ஷன் வந்தபோது கதை தலைகீழாகிவிட்டது. இன்றைய காரை நியூட்ரலில் விட்டால் எஞ்சின் தானே சுற்றியாக வேண்டும், அதற்குப் பெட்ரோல் வேண்டும். மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செலவு செய்கிறார்கள்! எஞ்சினையே அணைத்துவிட்டு உருட்டுகிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிரேக்கை இரண்டு மூன்று முறை மிதித்த பிறகு பூஸ்டரில் வெற்றிடம் தீர்ந்துபோகும், பெடல் கல்லாக இறுகும், ஸ்டியரிங்கும் கனக்கும். பதினேழு வளைவுக்கு நடுவில் இது தேவையா?

நியூட்ரலில் இறங்கினால் அந்த 12 மெகாஜூல் எங்கே போகும் தெரியுமா? பாதியை டயர் உராய்வும் காற்றும் தின்றாலும், மறுபாதி நான்கு பிரேக்குகளிலும் சூடாக இறங்கும். அந்தச் சூட்டை ஒரு பாத்திரத்தில் பிடிக்க முடிந்தால், 20 லிட்டர் கேன் தண்ணீரைக் கிட்டத்தட்டக் கொதிக்க வைத்துவிடலாம். எஸ்டேட் லயத்தில் ஒரு வரிசைக்கே டீ போடலாம்! இறங்கி முடித்ததும் பேட் கருகும் நாற்றம் மூக்கில் அடிப்பது இதனால்தான். எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறக்கு என்று பழைய லாரிக்காரர்கள் சொல்வதற்கு இயற்பியல் புத்தகத்தில் ஒரு அத்தியாயமே சாட்சி.

மின்சாரக் கார்க்காரர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். அவர்கள் வண்டி இறக்கத்தில் மோட்டாரை டைனமோவாக்கி அடகுப் பொருளில் பிரேக்குக்குப் போயிருக்கும் பங்கின் பெரும்பகுதியை பேட்டரியிலேயே மீட்டுக்கொள்ளும். ஆனால் அதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. மூணாறு விடுதியில் இரவெல்லாம் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு காலையில் இறங்கினால், பேட்டரியில் இடமே இல்லை! மீட்ட மின்சாரத்தை வைக்க இடமில்லாமல் வண்டி சாதாரண பிரேக்கைத்தான் நம்ப வேண்டும். மலையுச்சியிலிருந்து கிளம்புகிறவர் 80-லேயே பிளக்கை உருவிவிடுவது புத்திசாலித்தனம்.

இந்த மலையில் எரிபொருள் என்றால் முதலில் வைக்கோலும் புல்லும்தான், தெரியுமா? 1902-ல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள ரயில் ஓடியது. பாரம் ஏறக்குறைய முழுக்கத் தரையில் பதித்த ஒரே தண்டவாளத்தின் மேல். சாயாமல் இருக்கப் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் ரோட்டில் உருளும். இழுத்தது மாடுகள்! 1908-ல் அதை இரண்டடி அகல ரயில்பாதையாக மாற்றி நீராவி எஞ்சின் விட்டார்கள். மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டி வழியாக டாப் ஸ்டேஷன் வரை தேயிலைப் பெட்டிகள் போகும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி தமிழ்நாட்டுப் பக்கம் கொட்டகுடிக்கு இறங்கும். டாப் ஸ்டேஷன் என்ற பெயரே அந்த நிலையத்தால் வந்தது. 1924 வெள்ளம் பாதையை அடித்துக்கொண்டு போனது, அதோடு சரி.

சரி, காருக்கு வருவோம். மூணாறு 1,500 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. அங்கே காற்று சமவெளியைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு மெலிந்தது. டர்போ இல்லாத எஞ்சினின் பலமும் அதே அளவுக்கு இறங்கிவிடும். "பிக்கப் இல்ல, என்னமோ ஆச்சு" என்று மூணாற்றில் புலம்புகிறவர்களுக்குப் பதில் இதுதான்: எஞ்சினுக்கு மூச்சு வாங்குகிறது. கார்புரேட்டர் வண்டிகளுக்கு இன்னும் மோசம். காற்று மெலிந்தது அதற்குத் தெரியாது, பெட்ரோலை மட்டும் பழைய தாராளத்தோடு ஊற்றும், புகை கருப்பாக வரும். இன்றைய வண்டியில் காற்றழுத்தத்தைப் பார்க்க சென்சார் இருப்பதால் பெட்ரோலும் கூடவே குறைந்துவிடும். எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போசார்ஜரை இப்படி மெலிந்த காற்றில்தான் சோதித்தார்கள், தெரியுமா? 1918-ல் அமெரிக்கப் பொறியாளர் சான்ஃபோர்டு மாஸ் ஒரு விமான எஞ்சினை பைக்ஸ் பீக் என்ற 4,300 மீட்டர் மலையுச்சிக்கே தூக்கிக்கொண்டு போனார். விமானத்தில் வைத்துப் பார்ப்பதைவிட மலை பத்திரம் என்று நினைத்தார் போலும்!

இதுவரை சொன்னதெல்லாம் மலை குடித்த பெட்ரோல். இனி வண்டி குடிப்பது. ஊரில் தெரியாத கோளாறுகள் சில மூணாற்றில் வந்ததும் பல்லைக் காட்டும்.

முதல் ஆசாமி தெர்மோஸ்டாட். ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வழியில் இருக்கும் சின்ன வால்வு. எஞ்சின் 80, 85 டிகிரி சூடாகும்வரை கதவைத் திறக்காது. நம் பக்கத்து வெயிலுக்குப் பயந்து, ஹீட் ஆகக் கூடாது என்று அதைக் கழற்றி எறிந்துவிடும் மெக்கானிக்குகள் உண்டு. சமவெளிக் கோடையில் அது பெரிதாகத் தெரியாது. ஆனால் டிசம்பர், ஜனவரியில் செண்டுவாரை, லட்சுமி எஸ்டேட் பக்கம் புல்லில் உறைபனி படிகிற விடியலில்? எஞ்சின் சூடே ஏறாது! சூடேறாத எஞ்சினுக்குக் கலவையைக் கெட்டியாகக் கொடுக்க வேண்டும் என்பதுதான் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவைத்த பாடம். அது பாட்டுக்குக் காலையிலிருந்து மாலைவரை கூடுதல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டாலும் இதே கதிதான். கண்டுபிடிக்க ஒரு காசு செலவில்லை. குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்து, ஃபேனுக்குக் கை போகாமல், ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். வெகு நேரம் குளிர்ந்தே இருந்து திடீரென்று சுட்டால் வால்வு நலம். முதல் நிமிடத்திலிருந்தே மெதுவாக வெதுவெதுப்பானால் சந்தேகப்படலாம். ஸ்கேனரில் பி0128 என்ற எண் வந்தால் சந்தேகமே வேண்டாம், எஞ்சின் உரிய சூட்டை எட்டவில்லை என்று வண்டியே சொல்கிறது.

அதே குளிர் விடியலில் சைலன்சரிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது, தெரியுமா? பெட்ரோலில் இருக்கும் ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகிறது. நிலக்கோட்டை வெயிலில் அது ஆவியாய்க் கண்ணுக்குத் தெரியாமல் போகும். மூணாறு குளிரில் வெள்ளைப் புகையாகவும் சொட்டாகவும் காட்சி தரும். எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால் மட்டும் ஹெட் கேஸ்கட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது ஆசாமி பிரேக். மூணாறு மழையில் நனைந்து, காலிப்பர் பின்கள் துருப்பிடித்து, மிதித்த பேட் முழுவதுமாகத் திரும்பாமல் டிஸ்க்கை உரசிக்கொண்டே வரும். வண்டி நாள் முழுக்க பிரேக் போட்டபடியே ஓடுகிறது என்று அர்த்தம்! சரிவில் இறங்கி வந்ததும் தொட்டுப் பார்த்தால் நான்கு சக்கரமும் சுடும், ஒன்றும் புரியாது. சமதளத்தில் பிரேக்கை அதிகம் தொடாமல் பத்து கி.மீ. ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு ரிம் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் குற்றவாளி அதுதான். இன்னொரு எளிய சோதனையும் உண்டு. லேசான சரிவில் நியூட்ரலில் பிரேக்கை விடும்போது வண்டி தானாக உருள வேண்டும். தள்ளினால்தான் நகரும் என்றால் எங்கோ பிடிக்கிறது.

மூன்றாவது கிளட்ச். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஆர்.பி.எம். முள் சர்ரென்று ஏறும், வண்டி மட்டும் பழைய வேகத்தில் நகரும். சமவெளியில் இந்த வழுக்கல் தெரியவே தெரியாது; மூணாறு வழியிலுள்ள கேப் ரோட்டின் ஏற்றத்தில் ஒளிய முடியாது. ராஜமலைக்கும் மாட்டுப்பட்டிக்கும் போகும் ரோட்டில் விடுமுறை நாள் நெரிசலில், ஹேண்ட்பிரேக் போடாமல் ஹாஃப் கிளட்ச்சிலேயே ஏற்றத்தில் நிற்கிறவர்கள் பிளேட்டைத் தாங்களே அரைத்துக்கொள்கிறார்கள். குறிஞ்சி பூத்த 2006, 2018 மாதிரி ஆண்டுகளில் கேட்கவே வேண்டாம். நிற்கும் வண்டிக்கு மைலேஜ் பூஜ்யம்தானே! ஐடிலில் ஒரு மணி நேரம் நின்றால் அரை லிட்டருக்கு மேல் காலி. பி.எஸ்.6 டீசல் வண்டி என்றால் இன்னொரு செலவும் சேரும். இப்படி ஊர்ந்தே போனால் சைலன்சர் ஃபில்டரில் கரி அடைந்து, அதை எரித்துச் சுத்தம் செய்ய வண்டி கூடுதல் டீசலைத் தானாகவே செலவழிக்கும்.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளுக்கென்று ஒரு தனி வியாதி இருக்கிறது. ஃபோர் வீல் லீவரைப் போட்டு மேலே போய் வந்தபிறகு, தார் ரோட்டிலும் அதை எடுக்க மறந்து ஓட்டுவது. முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு டயரையும் டீசலையும் சேர்த்துத் தின்னும். சரிசெய்ய ஸ்பேனர்கூட வேண்டாம்.

ஏர் ஃபில்டர் அழுக்கானால் மைலேஜ் போய்விடும் என்று பாலபாடம் படித்திருப்பீர்கள். உண்மை என்ன தெரியுமா? அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் வேண்டுமென்றே ஃபில்டரை அடைத்துப் பார்த்தது. இன்ஜெக்‌ஷன் கார்களில் மைலேஜ் சொல்லும்படியாகக் குறையவே இல்லை! வேகமெடுப்பதுதான் மந்தமானது. பழைய கார்புரேட்டர் காரில் மட்டும் 2 முதல் 6 சதவீதம் அடி விழுந்தது. அதற்காக ஃபில்டரை மாற்றாமல் விடாதீர்கள். மூணாற்றில் ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய சுமார் 10,000 லிட்டர் காற்று உள்ளே போகிறது. அத்தனை தூசியும் எஞ்சினுக்குள் போகலாமா? ஆனால் மைலேஜ் பாதியாகிவிட்டது என்று வந்தவரிடம் ஃபில்டரை மட்டும் மாற்றிக்கொடுத்து பில் போடும் கடையை நான் நம்பமாட்டேன்.

டயர் காற்று விஷயம் இன்னும் வேடிக்கை. போடியில் 35 டிகிரி மதியத்தில் 33 வைத்துக்கொண்டு ஏறுகிறீர்கள். மூணாற்றில் 5 டிகிரி விடியலில் எவ்வளவு இருக்கும்? குளிர் நாலரை பவுண்டைப் பிடுங்கும். ஆனால் வெளிக்காற்றின் அழுத்தமும் மேலே குறைவல்லவா, அது இரண்டு பவுண்டைத் திருப்பித் தரும்! முள் 30-ஐ ஒட்டி நிற்கும். அதைப் பார்த்து அங்கேயே 33 ஆக்கிக்கொண்டு மதியம் போடிக்கு இறங்கினால் 36 ஆகிவிடும். மைலேஜுக்கு இதனால் பெரிய பங்கமில்லை. நான்கு டயரிலும் ஒரு பவுண்டு குறைந்தால் சராசரியாக 0.2 சதவீத இழப்பு, அவ்வளவுதான். பத்துப் பவுண்டு குறைவாக மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்தான் கவலைப்பட வேண்டும், அதுவும் பெட்ரோலைவிட டயருக்காக.

மலையை விட்டு வடக்கே பாலக்காட்டுக் கணவாய்க்கு வாருங்கள். அங்கே ஏற்றமே இல்லை, ஆனாலும் மைலேஜ் சரியும். ஆனி, ஆடியில் கோவையிலிருந்து வாளையார் வழியாக மேற்கே போகிறவர்களுக்குத் தெரியும், மலைத்தொடரின் அந்த இடைவெளியில் காற்று முகத்திலேயே மோதும். 80 கி.மீ. வேகத்தில் போகும் காருக்கு எதிரே 30 கி.மீ. காற்று அடித்தால், கார் கிழிக்க வேண்டியது 110 கி.மீ. காற்றை. காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால் அது கிட்டத்தட்ட இரு மடங்கு! திரும்பி வரும்போது அதே காற்று முதுகைத் தள்ளும். போகும்போது கோளாறான வண்டி வரும்போது குணமாகிவிட்டது என்று சொல்கிறவர்களை நம்பலாம், பொய் சொல்லவில்லை.

ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் கிடைத்தால் ஒரே ஒரு எண்ணைக் கேளுங்கள்: லாங் டேர்ம் ஃபியூவல் ட்ரிம். புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் புகையை மோப்பம் பிடித்துச் சொல்ல, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைத்த கணக்கு அது. பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் நிம்மதி. கூட்டல் பத்தைத் தாண்டினால் எங்கோ காற்று கசிகிறது, அல்லது பம்ப் பலவீனம். கழித்தல் பத்தைத் தாண்டினால் பெட்ரோல் அளவுக்கு மீறி உள்ளே போகிறது, இன்ஜெக்டர் ஒழுகுகிறதா பாருங்கள். அந்த சென்சாரே கிழடு தட்டிப்போனால் கணக்கு முழுக்கப் பொய்யாகும். 1976-ல் வால்வோ காரில் முதன்முதலாக வந்த இந்தச் சின்னக் குச்சி நொடிக்கு நொடி காட்டும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டுக்கும் கீழே!

வண்டியில் எந்தக் குறையும் இல்லை, இருந்தும் மைலேஜ் கொஞ்சம் இறங்கியிருக்கிறதா? பங்க்கில் ஊற்றும் பெட்ரோலைப் பாருங்கள். இ20 பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனாலில் லிட்டருக்குப் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல்தான். பழைய கார்களில் 6 முதல் 7 சதவீதம்வரை மைலேஜ் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே கணக்குப் போட்டுவைத்திருக்கிறது. எந்த ஒர்க்‌ஷாப்பிலும் இதைக் கழற்றி மாட்ட முடியாது.

விளம்பரத்தில் லிட்டருக்கு 22 என்று போட்டிருக்கிறதே, அந்தக் கார் எந்த ரோட்டில் ஓடியது தெரியுமா? எந்த ரோட்டிலும் இல்லை! ஆய்வகத்தில் உருளைகளின் மேல் நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றியது. ஏற்றம் இல்லை, எதிர்க்காற்று இல்லை, பின்சீட்டில் மச்சானும் இல்லை. அந்த எண்ணோடு மலையை ஒப்பிடுவது நியாயமே இல்லை. மலையில் ஒருவழிக் கணக்கும் செல்லாது. ஏறும்போது 9, இறங்கும்போது 40, இரண்டும் பொய். போடியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் தானாக நிற்கும்வரை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, மூணாறு போய்வந்து அதே பங்க்கில், முடிந்தால் அதே நாசிலில், மறுபடி நிரப்புங்கள். சரியாக இறக்கத் தெரிந்தவருக்கு ஊர் மைலேஜில் பெரும்பகுதி அப்படியே கிடைத்துவிடும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தால்தான் நான் தெர்மோஸ்டாட்டிலிருந்து தேட ஆரம்பிப்பேன்.

அதற்கும் முன்னால் ஒன்று. புது டயர் போட்டால் மைலேஜ் குறையும், தெரியுமா? தேய்ந்த டயர் சிறியது, ஒரு கி.மீ.க்கு அதிக தடவை சுற்றும், மீட்டர் தூரத்தைக் கூட்டிக் காட்டும். புது டயர் பெரியது, குறைத்துக் காட்டும். ஓடிய தூரம் அதேதான், மீட்டர் கஞ்சனாகிவிட்டது! அழகுக்காக ஒரு சைஸ் கூட்டிப் போட்டவர்களுக்கு இந்த வித்தியாசம் இன்னும் கூடும். போடிமெட்டிலிருந்து மூணாறு வரை அகலப்படுத்திய தேசிய நெடுஞ்சாலை 42 கி.மீ.; மைல்கல்லை வைத்தோ போனில் ஜி.பி.எஸ். வைத்தோ அளந்து பாருங்கள். உங்கள் மீட்டர் 41 என்று காட்டினால் பங்க்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள், டயர் கடை பில்லை எடுத்து சைஸைப் பாருங்கள்.